வல்லநாட்டுக் குன்றும் கௌதாரிக் கண்ணியும்

தம்பானூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு நிலம் என்றால் ஈரம். மரம் என்றால் பசுமை. என் மகனும் அவ்வாறே வளர்ந்தவன். சென்ற கோடை விடுமுறையில் அவனைத் திருநெல்வேலிச் சீமைக்கு அழைத்துச் சென்றேன். நாகர்கோவிலிலிருந்து நெல்லைக்கு இருப்புப்பாதை வந்தது 1981-இல்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் பாறையும் பனையும் உடைமரமும் தோன்ற, "அப்பா, இங்கே மழையே பெய்யாதா?" என்று வினவினான்.

நெல்லையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் சுமார் 18 கி.மீ. தொலைவில் உள்ளது வல்லநாடு. அருகிலேயே தாமிரபரணி ஓடுகிறது. குன்றோ வறண்டு கிடக்கிறது. 1987-இல் இதனை வெளிமான் சரணாலயமாக்கினர். பரப்பு 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுவே.

வனத்துறையின் இசைவு பெற்றுச் சென்றோம். 76 வயதான என் பெரியப்பாவும் உடன் வந்தார். பாறை நிழலில் எங்களை உட்காரவைத்து, "ஏலே, அசங்காம இரு, மானுக்குக் கண்ணுதான் காவல்" என்று பேரனை அடக்கினார். ஒரு நாழிகைக்குப் பின்னரே முட்புதர்களிடையே முறுக்கிய கொம்புடன் கரிய கலை ஒன்றும், கொம்பில்லாப் பழுப்புநிறப் பிணைகள் நாலைந்தும் வெளிப்பட்டன. பையன் விரலை நீட்டினான், அவ்வளவுதான்! ஒரு பிணை நின்ற இடத்திலேயே உயரத் துள்ளிற்று. மந்தை முழுவதும் துள்ளி மறைந்தது.

மாலையில் ஊர்ப்புறத்து உடங்காட்டில் கௌதாரி கூவக் கேட்டோம். பெரியப்பாவின் முகம் மாறிற்று. இளமையில் கௌதாரி பிடிப்பதில் பெயர்பெற்றவர் அவர். கறையான் ஊட்டிப் பழக்கிய ஆண் பறவையைக் கூட்டோடு விடியுமுன் புதரருகே வைப்பார். சுற்றிலும் குதிரைவால் மயிரில் திரித்த கண்ணிகளை முளையடித்துக் கட்டுவார். கூட்டுப் பறவை கூவும். தன் எல்லைக்குள் அயலான் புகுந்தான் என்று காட்டுச் சேவல் சண்டைக்கு ஓடிவரும்; காலில் கண்ணி இறுகும். பசியாலன்று, வீறாப்பினால் அகப்படும் பறவை அது! எந்தச் சேவல் எந்தப் புதருக்கு உரியது என்பதைக் குரலாலேயே அறிவார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னும் சில காலம் பிடித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். அதை நான் மறைக்க விரும்பவில்லை. "சட்டத்துக்காக விடலை. ஒரு விடியக்காலம் என் கூட்டுப் பறவை கூவிக்கிட்டே இருந்துச்சு. பதில் குரலே வரலை. அன்னிக்குக் கூட்டை உடைச்சேன்" என்றார்.

"எனக்கு ஒண்ணு பிடிச்சுத் தாங்க தாத்தா, தம்பானூருக்குக் கொண்டு போகணும்" என்றான் பையன். பெரியப்பா விடை கூறவில்லை. தம் துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, நொடியில் சுருக்கிட்டு, அவன் சுட்டுவிரலில் மாட்டி இழுத்தார். "வலிக்குது, விடுங்க தாத்தா!" என்றதும் அவிழ்த்துவிட்டார்.

திரும்பி வருகையில் இரவு வண்டியில் பையன் விரலைத் தடவிக்கொண்டே கௌதாரிபோல் கூவிப் பார்த்தான். எதிர் இருக்கைக்காரர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார்.