வேலியில் விட்ட பொட்டு

எங்கள் வளவைச் சுற்றி இருப்பது உயிர்வேலி. கிளுவையும் பூவரசுமாக என் தகப்பனார் நட்ட கதியால்களில் பல இன்றும் தளிர்க்கின்றன. ஆவணி பிறந்ததும் குழை வெட்டத் தொடங்கிவிடுவேன். எழுபத்தெட்டு வயதில் கொக்கைச்சத்தகத்தை முன்போல உயர்த்திப் பிடிக்கத் தோள் விடுவதில்லை. ஆனாலும் அந்த வேலையை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் வருவதில்லை. வெட்டிய குழையை வாழைகளுக்கு நடுவே கிடங்கு வெட்டித் தாழ்ப்போம். மாரிமழையில் அது மக்கி உரமாகும். எங்கள் ஊரான நீர்வேலியின் வாழைக்குலை சந்தையில் பேர் எடுத்ததற்குச் செம்மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் காரணம் சொல்லுவார்கள். வேலிக்கும் அதில் பங்குண்டு என்பது தோட்டக்காரனுக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் காலையில் நான் குழை வெட்டிக்கொண்டிருந்தபோது, லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி தன் சிநேகிதியைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்தாள். வெள்ளைக்காரப் பிள்ளை. வேலிக்கரையில் பூவரசுக்குக் கீழே எங்கள் வைரவர் சூலம் நிற்கிறது. அந்தப் பிள்ளை செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சூலத்துக்கு முன்னால் மண்ணில் இருந்தாள். நான் ஒரு கரை வேலியை வெட்டி முடிக்கும்வரை அவள் அசையவில்லை.

"அம்மப்பா, இவள் விக்கா சமயம்" என்றாள் பேத்தி. அப்படி ஒரு சமயத்தை நான் கேள்விப்பட்டதில்லை. விளங்கப்படுத்தச் சொன்னேன். தமிழில் சொல் கிடைக்காமல் தடுமாறி, "மாந்திரீகம் மாதிரி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் செய்வினையும் சூனியமும் தகடு தாழ்ப்பதும்தான் நினைவுக்கு வரும். இளவயதாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே முகத்தைத் திருப்பியிருப்பேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டதே ஐம்பது வயதுக்குப் பிறகுதான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைப்பம்" என்றேன்.

அவள் சொன்னதைப் பேத்தி மொழிபெயர்த்தாள். அவர்களுக்கு ஒரு பெண்தெய்வம் உண்டு, ஆண்தெய்வமும் உண்டு. பூரணை நாளில் கூடுவார்கள். தரையில் ஒரு வட்டம் வகுத்து, நான்கு திசைகளையும் அழைத்து, அதற்குள் நின்று வழிபடுவார்கள். சூரியனின் போக்கையும் விதைப்பையும் அறுவடையையும் ஒட்டி வருடத்தில் எட்டுத் திருநாள். ஐப்பசியில், ஆங்கிலக் கணக்கில் அக்டோபர் 31 அன்று, இறந்தவர்களை நினைப்பார்கள். ஆடி அமாவாசைக்கு நாங்கள் கீரிமலைக்குப் போய்த் தகப்பனுக்குச் செய்வதை நான் சொன்னேன். அவள் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைமைப் பீடம் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரே வேதநூலும் இல்லை. எவருக்கும் கெடுதி செய்யாமல் உன் மனம் போனபடி நட என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் நெறி.

இந்தச் சமயத்தை ஊரறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1900இல், பதினாறு வயதில், அவர் வேலைக்கு வந்து சேர்ந்தது எங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு. 1908இல் போர்னியோவுக்குப் போய், பிறகு மலாயாவில் நெடுங்காலம் இருந்து, 1936இல் ஊர் திரும்பினார். இங்கிலாந்தின் பழைய சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் இந்தச் சமயத்தைப் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். மிகப் பழைய வழிபாடு ஒன்று மறைவாகப் பிழைத்து வந்தது என்பது அவர் கூற்று. பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது என்பது வரலாற்றாசிரியர்கள் முடிவு. அதை அந்தப் பிள்ளையே ஒளிக்காமல் சொன்னாள். "பழசோ புதுசோ, அதற்குள் நான் நிற்கும்போது என் மனம் பணிகிறது, அது போதும்" என்றாள்.

நான் கேட்டேன்: "அப்ப இது சமயமோ, இல்லாட்டி ஆன்மீகமோ?"

அவள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்ன பதிலை இன்றுவரை மறக்கவில்லை. வட்டம், நாள், சடங்கு, தெய்வத்தின் பெயர், கூடும் கூட்டம் எல்லாம் சமயம். வட்டத்தைக் கலைத்து வீட்டுக்குப் போன பிறகும், வழியில் ஒரு மரத்தைக் கண்டால் உள்ளே ஏதோ வணங்குகிறதே, அது ஆன்மீகம். தங்களுக்குள்ளும் சண்டை உண்டு என்றாள். குருவழியாகத் தீட்சை பெற்றுக் குழுவாக வழிபடுகிறவர்களில் சிலர், தனியே வழிபடுகிறவர்களைத் தங்களவர் என்று ஒத்துக்கொள்வதில்லையாம். அவள் தனியே வழிபடுகிறவள். அதைச் சொன்னபோது அவள் முகம் வாடியது.

அந்த வாட்டத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். அது 1966. எனக்குப் பத்தொன்பது வயது.

அப்போது நான் ஆறுமுக நாவலர் பைத்தியம். நாவலர் பெருமானைக் குறைத்துப் பேச நான் இதை எழுதவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் தொடங்கியிராவிட்டால், அச்சடித்த புத்தகத்தில் எங்கள் சமயத்தை நாங்கள் படிக்கக் கிடைத்திருக்காது. மிஷன் பள்ளிக்கூடங்கள் நிறைந்திருந்த காலத்தில் எங்கள் சமயத்துக்கு வேலி அடைத்துத் தந்தவர் அவர். அவர் காலத்துச் சைவ அறிஞர் சங்கர பண்டிதர் பிறந்த ஊர் எங்கள் நீர்வேலி. அந்தப் பெருமையும் எனக்குத் தலைக்கேறி இருந்தது. ஆகமத்தில் இல்லாதது எதுவும் என் கண்ணுக்குப் பிழையாகப் பட்டது.

வீட்டில் அப்பாச்சி இருந்தார். எழுத்து வாசனை இல்லாதவர். வெள்ளிக்கிழமை மைம்மலில் தலைமுழுகிவிட்டு, பூவரசடியில் சூலத்துக்கு முன்னால் ஒரு சிட்டி விளக்கு ஏற்றுவார். தோட்டத்தில் முதல் வெட்டும் குலையில் ஒரு சீப்பு அங்கே போகும். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலும் வடைமாலையும். மந்திரம் கிடையாது, ஐயர் கிடையாது. "வைரவா, பெடியனுக்குக் காய்ச்சல் மாறேல்லை, நீ என்ன செய்யிறாய்?" என்று பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பதுபோலக் கதைப்பார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. கும்பாபிஷேகம் காணாத இரும்பைக் கும்பிடுவது சைவமல்ல என்று பலமுறை சொல்லிப்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

ஒரு வியாழக்கிழமை அவர் இல்லாத நேரம் பார்த்துச் சூலத்தைப் பிடுங்கி, மாட்டுக்கொட்டிலின் பின்பக்கம் பழஞ்சாக்குக்குக் கீழே வைத்தேன். பெரிய சீர்திருத்தம் செய்துவிட்டதாக அன்றிரவு நிம்மதியாக நித்திரை கொண்டேன். அந்த நித்திரையை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை அப்பாச்சி வழக்கம்போல விளக்கோடு போனார். வெறும் குழியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் குழியின் பக்கத்தில் விளக்கை வைத்துக் கும்பிட்டார். நான் வாய்ச்சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். திரும்பி வந்து, "சூலத்தை எடுத்துப்போட்டாய் மோனை. வைரவர் சூலத்துக்குள்ளயோ இருக்கிறார்? எனக்கு இது போதும். ஆனா அந்த மனிசிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

எந்த மனிசி என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்சநேரத்தில் தெரிந்தது. எங்கள் ஊரில் வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு விடும் இடைவெளியைப் பொட்டு என்போம். பூவரசுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பொட்டு இருந்தது. அதன் வழியாக அடுத்த வளவிலிருந்து ஒரு வயோதிபப் பெண் குனிந்து உள்ளே வந்தார், கையில் இரண்டு நித்தியகல்யாணிப் பூவோடு. சாதியைச் சொல்லி, ஊர்க் கோயிலின் வாசலைத் தாண்டி உள்ளே போக அவருடைய ஆட்களை விட்டதில்லை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் கொழும்பில் இருந்தது, கோயில் கதவு ஊரில் இருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக நடந்த போராட்டம் அப்போது இன்னும் வரவில்லை. பொட்டைத் தவிர அவருக்கு வேறு கோயில் வாசல் இல்லை. அந்தப் பொட்டை அடைக்க விடாமல் வருடக்கணக்காகக் காத்துவந்தவர் என் அப்பாச்சி.

அந்த அம்மா குழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இஞ்சயும் இல்லையோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். முகம் வாடியது. பூவைக் குழிக்கரையில் வைத்துவிட்டு, வந்த வழியே குனிந்து போனார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்விக்கு விடை இருக்கவில்லை.

இரவோடிரவாகச் சூலத்தைக் கழுவி, இருந்த இடத்திலேயே நட்டேன். அப்பாச்சி என்னைக் கண்டிக்கவில்லை. அடுத்த நாள் வேலியில் குழை வெட்டக் கூப்பிட்டார். வெட்டிக்கொண்டே சொன்னார்: "வேலி வேண்டாமெண்டு ஆர் சொன்னது? வேலி இல்லாட்டி மாடு எல்லாத்தையும் மேஞ்சுபோடும். ஆனா வெட்டாமல் விட்டால் வேலியே வெயிலை மறைச்சுப்போடும். வெட்டின குழை வாழைக்குப் போகோணும், அதுக்குத்தான் வேலி." அன்றைக்கு அதைத் தோட்டப் பாடமாகத்தான் கேட்டேன். அது எதைப் பற்றிய பாடம் என்று விளங்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

பிறகு கண்ணைத் திறந்து பார்க்கத் தொடங்கினேன். ஆகம விதிப்படி நடக்கவில்லை என்று நாவலர் பெருமானே நல்லூர்க் கோயிலைக் கண்டித்து எழுதியிருக்கிறார். இன்றும் அங்கே கருவறையில் இருப்பது வேல். நாடே அந்த வேலின் முன்னால் அழுகிறது. தொண்டைமானாற்றுச் சந்நிதியில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகச் செய்கிறார். அங்கே அருளுக்கு என்ன குறை? கொழும்புத்துறையில் இருந்த யோகர் சுவாமி, கிளிநொச்சியில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர். அவர் குரு செல்லப்பா சுவாமி நல்லூர்த் தேரடியில் இருந்தவர், கோயிலுக்கு வெளியே. யோகர் சுவாமியிடம் சைவர்களோடு பிற சமயத்தவரும் போனார்கள். கார்ட்னர் 1964 பெப்ரவரியில் காலமானார், யோகர் சுவாமி அதே வருடம் மார்ச்சில். ஒருகாலத்தில் ஒரே தீவில் இருந்து, ஒருவரை ஒருவர் அறியாமல், வேறு வேறு வழியில் தேடிய இரண்டு பேர்.

1995 ஐப்பசியில், போர் நெருங்கி, ஒரே இரவில் வலிகாமமே எழும்பி நடந்தபோது, நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். சூலம் போயிற்று, பூவரசு போயிற்று, வேலியும் வளவும் எங்களுடையவை என்று சொல்ல முடியாத நிலை. அப்பாச்சி எப்போதோ காலமாகியிருந்தார். மட்டுவிலில் முன்பின் தெரியாத ஒருவர் திண்ணை தந்தார். முதல் வெள்ளிக்கிழமை என் மனைவி கடன் வாங்கிய எண்ணெயில் ஒரு திரியை ஏற்றித் திண்ணை மூலையில் வைத்தார். அங்கே கும்பிட எதுவும் இல்லை. ஆனாலும் கும்பிட்டோம். அப்பாச்சி வெறும் குழிக்கு முன்னால் கும்பிட்டது எப்படி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் இதைக் கேட்டு, அப்படியானால் சமயமே வேண்டாம் என்று சொல்லும் இளம் பிள்ளைகளோடு நான் உடன்படுவதில்லை. அதற்கும் அந்தப் பிள்ளையின் சமயத்திலிருந்தே ஒரு செய்தி சொல்லலாம். தலைமைப் பீடம் இல்லாதவர்கள்தான், விக்காவும் ஒரு சமயமே என்று 1986இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றை ஏற்கவைத்தார்கள். போரில் இறந்த தங்கள் படைவீரர்களின் கல்லறையில் தங்கள் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க, வழக்காடி 2007இல் அரசின் அனுமதி பெற்றார்கள். செத்தவனை இன்னாரென்று அடையாளம் சொல்லிப் புதைக்கவும், பிறந்த பிள்ளைக்குப் பேர் வைக்கவும், துக்க வீட்டில் நாலுபேர் கூடி நிற்கவும் வேலி வேண்டும். தனியாகவே இருந்துவிடலாம் என்பது உடம்பில் பலம் உள்ள நாளில் வரும் எண்ணம்.

வேலி பயிருக்காக. பயிர் வேலிக்காக இல்லை. எங்கள் சமயம் எங்களை இரக்கமுள்ளவர்களாக ஆக்கினால், வேலியின் குழை வாழைக்குப் போகிறது என்று பொருள். அடுத்த வளவுக்காரரின் முகத்தை வாடவைத்தால், வேலி வெயிலை மறைக்கிறது என்று பொருள். அப்போது கத்தியை எடுக்க வேண்டியது அடுத்தவர் வேலிக்கு இல்லை, எங்கள் சொந்த வேலிக்கு.

அந்த வெள்ளைக்காரப் பிள்ளை போகும்போது சூலத்துக்கு முன்னால் ஒரு பூ வைத்துவிட்டுப் போனாள். "உங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ளாட்டிலும் வைரவர் உங்களை ஒத்துக்கொண்டிட்டார் பிள்ளை" என்று சொன்னேன். பேத்தி அதை மொழிபெயர்த்தாள். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். 1966இல் அந்த அம்மாவிடம் சொல்லத் தவறிய சொல் அது. ஐம்பது வருடத்துக்கு மேல் பிந்தி, வேறொருவரிடம் சொன்னேன்.

அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் இன்று அடுத்த வளவில் கல்வீடு கட்டி இருக்கிறார்கள். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு அவர்களும் போகிறார்கள், நானும் போகிறேன். இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு நட்ட பூவரசு இப்போது நல்ல நிழல் தருகிறது. அதன் கீழே புதுச் சூலம். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வீட்டு விளக்கும் அங்கே எரியும். இந்த ஆவணியிலும் வேலியை அடைத்தேன், குழை வெட்டினேன். பொட்டை மட்டும் விட்டிருக்கிறேன்.