குடத்தில் விழுந்த எண்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பரிசுச் சீட்டுக் குலுக்கலுக்கு உள்ள மதிப்பை அன்பர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சென்ற ஆண்டு முதற்பரிசு செயற்குழுவினர் ஒருவரின் மைத்துனருக்கு விழுந்தது. அதனால் எழுந்த முணுமுணுப்பில் இரண்டு குடும்பத்தார் சங்கத்திற்கு வருவதையே நிறுத்திக்கொண்டனர். அந்த மனத்தாங்கலை எண்ணித்தான், "இவ்வாண்டு கணிப்பொறியே சீட்டெடுக்கட்டும்" என்று கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொன்னவன் தலையிலேயே வேலையும் வந்து விழுந்தது.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன் நான். இரவு வேளைகளில் பைத்தான் என்னும் நிரல்மொழியைச் சிறிது பழகியிருந்தேன். ஒன்று முதல் அறுநூறு வரை மூன்று எண்களை எடுக்குமாறு நான்கு வரி எழுதி ஓட்டிப் பார்த்தேன். பல முறை ஓட்டியதில் ஒரு முறை ஒரே எண்ணுக்கு இரண்டு பரிசு வந்தது! எடுத்த சீட்டை மறுபடியும் குடத்திலேயே போடுவது போன்ற கட்டளையை எழுதியிருந்தேன். அதைத் திருத்தியபின், விற்காத சீட்டுக்கும் பரிசு விழக் கண்டேன். அடிக்கட்டைகளைப் புரட்டி, விற்ற எண்களை மட்டும் பட்டியலாக்கிக் கொடுத்தேன்.

இவையெல்லாம் சிறு பிழைகள். பெரியது பின்னரே புலப்பட்டது. கணிப்பொறி உண்மையில் குலுக்குவதில்லை, கணக்குப் போடுகிறது. பைத்தானில் உள்ள முறை 1997இல் ஜப்பானியர் இருவர் வகுத்தது. அதற்கு வித்தாக ஓர் எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து ஒழுங்கற்றவை போலத் தோன்றும் எண்களை வரிசையாகப் பெருக்கித் தருகிறது. அதே வித்து, அதே பட்டியல் என்றால் எத்தனை முறை ஓட்டினாலும் விடை மாறாது. ஆகவே வித்தை நான் வீட்டிலேயே குறித்துவைத்தால், பரிசு யாருக்கு என்பதை ஒரு வாரம் முன்னரே அறிவேன். வேண்டியவர் எண் வரும்வரை வித்தை மாற்றிக்கொண்டும் இருக்கலாம். சபையில் ஒருவருக்கும் ஐயம் எழாது. என் தம்பியின் சீட்டு எண் எனக்கு மனப்பாடம். அன்றிரவு மடிக்கணினியை மூடிவிட்டு நெடுநேரம் உறங்காதிருந்தேன்.

மறுநாள் சங்கத்தில் மூத்த அம்மையார் ஒருவர் கேட்டார்: "தம்பி, குடத்திலே குழந்தை கையை விட்டால் எல்லாருக்கும் தெரியும். உன் பெட்டிக்குள்ளே கையை விடுவது யார்?"

அக்கேள்விதான் எனக்கு உத்தரமேரூரை நினைவூட்டியது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அங்கே பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். குடத்தைச் சபையார் யாவரும் காணுமாறு உயர்த்திக் காட்டினர். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டுமாம். கையில் வேறோர் ஓலை மறைந்திருக்கலாகாது என்பதற்கே அந்த ஏற்பாடு என்பது என் எண்ணம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் நம்மவர் ஒருவரையொருவர் நன்றாகவே அறிந்திருந்தனர்!

நம் நகருக்கும் சீட்டு புதிதன்று. டவுன் ஹால் 1813இல் எழும்பியதே லாட்டரிப் பணத்தில்தான். நான் நாள்தோறும் அலுவலகம் செல்லும் ஸ்ட்ராண்டு ரோடும் 1817இல் அமைந்த லாட்டரிக் குழுவின் கைவண்ணமே.

நிற்க. விழாவன்று சீட்டு விற்பனையை முடித்து, விற்ற எண்களின் பட்டியலையும் நிரலின் பத்து வரிகளையும் சுவரில் ஒட்டினோம். அதன் பிறகே பித்தளைக் குடத்தில் சுழியம் முதல் ஒன்பது வரை எழுதிய துண்டுகளை இட்டோம். ஐந்து குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக ஒரு துண்டை எடுத்துக் காட்டி மீண்டும் குடத்திலிட்டனர். நான்கு, சுழியம், ஏழு, ஒன்று, எட்டு. அதுவே வித்து. தட்டினேன்.

மூன்றாம் பரிசாகிய குக்கர் 212ஆம் எண்ணுக்கு விழுந்தது. "யாருடையது?" என்று செயலாளர் கேட்கவும், என் மனைவி தயங்கியபடியே எழுந்து நின்றாள். அவள் சீட்டு வாங்கியதை நான் அறியேன். சபை ஒரு கணம் அடங்கிப்போயிற்று. எனக்கு நா எழவில்லை. அப்போது பின்வரிசையில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, சுவரில் இருந்த நிரலையும் பட்டியலையும் தன் கணிப்பொறியில் ஏற்றி, அதே வித்தைக் கொடுத்து ஓட்டினாள். "இங்கேயும் 212தான், அண்ணா!" என்று அவள் கூவிய பின்னரே எனக்கு மூச்சு வந்தது. மேலும் இருவர் ஓட்டிப் பார்த்தனர். சென்ற ஆண்டு முணுமுணுத்தவருள் ஒருவர் தம் கையாலேயே குக்கரை எடுத்துக் கொடுத்தார்.

நிரலின் படி இன்னும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அப்பணியை வேறோர் அன்பர் ஏற்பாராயின், என் மனைவி நிம்மதியாகச் சீட்டு வாங்குவாள்.