மொட்டைமாடி அறைக்கு ஒரு புராசஸர்

புராசஸரை மதர்போர்டின் குழியில் அமர்த்தும் அந்த ஒரு கணத்தில், எத்தனை ஆண்டு அனுபவம் உடையவனாயினும், மூச்சை அடக்கிக்கொள்ளாத தொழிலாளியை நான் இதுவரை கண்டதில்லை. முன்னாளில் ஏ.எம்.டி. புராசஸர்களின் ஊசிக்கால்கள் அவற்றின் அடியிலேயே இருந்தன. ஒன்றிரண்டு வளைந்துபோனாலும், பூதக்கண்ணாடியும் ஒரு சவர பிளேடும் கொண்டு நிதானமாக நிமிர்த்திவிடலாம். இப்போதோ இன்டெலைப் பின்பற்றி அந்நிறுவனமும் ஊசிகளை மதர்போர்டுக்கே மாற்றிவிட்டது. இன்டெலில் 1700, ஏ.எம்.டி.யில் 1718. மயிரிழை போன்ற அந்த வில்லூசிகளின்மேல் புராசஸர் ஓரம் சாய்ந்து விழுந்துவிட்டால், பிறகு எந்தச் சாமர்த்தியமும் முழுமையாகப் பலிப்பதில்லை. கடற்காற்றிலும் உப்பு, உடல் வியர்வையிலும் உப்பு என்றிருக்கும் புதுச்சேரியில், விரல்களை நன்றாகத் துடைத்துக்கொள்ளாமல் அந்தத் தொடுபுள்ளிகளின் அருகே கையைக் கொண்டுபோகலாகாது என்பதே இத்தொழிலில் நான் பெற்ற முதற் பாடம்.

மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் கடை. நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில், இங்கே விற்பனை வரி குறைவு என்ற காரணத்தால், கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வந்து கணினி வாங்கிப் போவார்கள். எச்.சி.எல்., ஏசர், லெனோவோ முதலிய நிறுவனங்கள் இப்பிரதேசத்தில் கணினிகளைப் பொருத்தி அனுப்பும் தொழிற்சாலைகளை நடத்தியமையால், ஸ்குரூ டிரைவரைப் பக்குவமாகப் பிடிக்கத் தெரிந்த இளைஞர்களுக்கும் பஞ்சமில்லை. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, புராசஸருக்கு எந்த ஊரிலும் 18 சதவீதம் என்றாயிற்று, வரியால் வந்த அனுகூலம் அன்றோடு போயிற்று. இன்று எங்களிடம் வருகிறவர் விலையை உத்தேசித்து வருவதில்லை. அபிப்பிராயம் கேட்கவே வருகிறார். ஆகையால் அதைச் சொல்வதில் பக்ஷபாதமோ அவசரமோ கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்போடு சேர்ந்த கடமையாகிவிட்டது.

சென்ற சித்திரையில் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பாட்டனார் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். எங்கள் ஊர் வழக்கில் ‘சொல்தா’. பேத்தி கலியாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறவள். பேரன் கல்லூரி மாணவன். இரவு வேளைகளில் கவுண்டர் ஸ்டிரைக் ஆடுகிறவன். இருவருக்கும் சேர்த்து ஒரே கணினி. அதற்குப் பாட்டனாரின் பென்ஷனிலிருந்து ஒரே தொகை. தம்பிக்கு ஏ.எம்.டி.யின் ரைசன் 7 7800 எக்ஸ்3டி வேண்டும்; அக்காவுக்கு இன்டெலின் கோர் ஐ7 14700 கே வேண்டும். இவற்றுக்குப் பின் வந்தவை அவர்கள் தொகைக்கு எட்டாதவை.

“அண்ணா, கேமிங்குக்கு இதுதான்னு எல்லா சார்ட்லயும் போட்டிருக்கு, பாருங்க” என்று பையன் கைப்பேசியை நீட்டினான்.

“சார்ட்டா சோறு போடும்?” என்றாள் அவள்.

பாட்டனார் இருவரையும் கையமர்த்திவிட்டு, “தம்பி, நீ சொல்லு. எது உழைக்கும்?” என்று என்னைக் கேட்டார்.

அக்கேள்விக்கு அந்த நிமிஷமே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எது வேகம் என்று கேட்டிருந்தால் சுலபம்; அதற்கும்கூட இரண்டு பதில்கள் உண்டு.

எண்களை மட்டும் பார்த்தால் இன்டெலின் பக்கமே தராசு சாயும். 2023 ஏப்ரலில் வெளிவந்த 7800 எக்ஸ்3டியில் 8 கோர்கள். அவ்வாண்டு அக்டோபரில் வந்த 14700 கேயில், வேகத்துக்கென்று 8, சிக்கனத்துக்கென்று 12, ஆக 20 கோர்கள். உச்ச வேகமும் முன்னதற்கு 5 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 5.6. அப்படியிருந்தும் பெரும்பாலான விளையாட்டுகளில் 8 கோர் உடையதே முந்துகிறது என்பதைப் பிரத்தியட்சமாகப் பார்க்கிறோம். இதன் காரணத்தை, குபேர் மார்க்கெட்டில், அதாவது நாங்கள் பெரிய மார்க்கெட் என்று சொல்லும் இடத்தில், சரக்கு எடுத்து விற்கும் ஒரு சிறு மளிகைக் கடையைக் கொண்டு நான் விளக்குவது வழக்கம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்தான் கோர். அவர் எழுந்திராமலே கைநீட்டி எடுக்கக்கூடிய அலமாரி, கேஷ் என்னும் உள்நினைவகம். பின்கட்டில் அடுக்கிய மூட்டைகள் ரேம். பெரிய மார்க்கெட்டோ எஸ்.எஸ்.டி. கடைக்காரர் எவ்வளவு சுறுசுறுப்பானவராயினும், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பின்கட்டுக்குப் போய்வர நேர்ந்தால், அவருடைய சுறுசுறுப்பு முழுவதும் நடையிலேயே செலவாகிவிடும்.

14700 கேயின் அலமாரியில் 33 எம்.பி. கொள்ளும், 7800 எக்ஸ்3டியின் அலமாரியில் 96. இந்த 96இல் 64 எம்.பி.யை, புராசஸர் சில்லின் தலைமேல் இன்னொரு சில்லாக, மாடி எடுப்பதுபோல் அடுக்கியிருக்கிறார்கள். விளையாட்டின் சுபாவம் என்னவெனில், அடுத்து எந்தச் சரக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டி ஊகிக்க இயலாது. எதிரி எந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, கதவு திறந்ததா என்று நூறு இடங்களில் தாறுமாறாகக் கிடக்கும் விவரங்களைச் சேகரித்தாக வேண்டும். அவற்றிலும் ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று என்று சங்கிலித் தொடராக வரும் வேலையே அதிகமாதலால், 20 பேர் இருந்தாலும் பலர் கைகட்டி நிற்க நேரும். வினாடிக்கு 240 காட்சிகள் வேண்டுமென்றால், ஒரு காட்சிக்குக் கிடைக்கும் அவகாசம் 4 மில்லிவினாடிக்குச் சற்று மேல்; அதற்குள் பின்கட்டு நடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் லாபம்.

வீடியோத் தொகுப்பு இதற்கு நேர்மாறானது. முகூர்த்தக் காட்சிகள் ஆற்றொழுக்காக ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றைத் துண்டு துண்டாக்கி, கலியாணச் சமையற்கட்டில் 20 பேர் உட்கார்ந்து காய் நறுக்குவதுபோல் பங்கிட்டுவிடலாம். எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும் இத்தகைய வேலையில் 14700 கே ஏறத்தாழ இருமடங்கு செய்து முடிக்கிறது. இதைவிட முக்கியமான ஒரு விஷயம், அட்டவணைகளை மாத்திரம் படிப்பவர் கண்ணில் படாதது, அந்தப் பெண் உபயோகிக்கும் காமிராவில் இருந்தது. அவள் எடுப்பது எச்.265 முறையில், 10 பிட், 4:2:2 நிறச் செறிவுள்ள காட்சிகள். இவ்வகைக் கோப்பைத் தயக்கமின்றி அவிழ்த்துக் காட்டும் குவிக் சிங்க் என்னும் தனி உறுப்பு 14700 கேயின் உள்ளேயே இருக்கிறது. அவர்கள் வாங்க நினைத்திருந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டால் அது ஆகாது, ஏ.எம்.டி.யின் உள்ளே இருக்கும் சிறு கிராபிக்ஸ் பகுதியாலும் ஆகாது. டைம்லைனில் காட்சியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போது படம் திணறித் திணறி வருமானால், வேலை செய்பவளின் மனத்தில் ஏறும் சலிப்பை எந்த எண்ணாலும் அளக்க முடியாது. தை மாதத்திலும் ஆவணியிலும் இரவெல்லாம் விழித்து இவ்வேலை செய்பவர்களை நான் அறிவேன். அவர்கள் கண்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

தம்பியின் சார்ட்டும் பொய்யன்று. ஆயினும் அப்பரீட்சைகள், புராசஸரின் தாரதம்மியம் தெளிவாக வெளிப்பட வேண்டும் என்பதற்காகவே, அதிவிலையுள்ள கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தி, படத்தின் அளவைக் குறைத்து வைத்துச் செய்யப்படுபவை. அவனுடைய மானிட்டர் வினாடிக்கு 75 முறை மட்டுமே படத்தைப் புதுப்பிக்கிறது. கவுண்டர் ஸ்டிரைக்கில் இவ்விரண்டு புராசஸர்களுமே அந்த எல்லையை அநாயாசமாகத் தாண்டிவிடும். பெரிய விளையாட்டுகளிலோ 4060 கார்டே முதலில் களைத்துப்போகும். இதை அவனுக்கு அரைமணி நேரம் செலவழித்து விளக்கினேன். முகம் வாடிற்று என்றாலும், புரிந்துகொண்டான் என்று கண்டேன். அதற்கு முந்தைய மாதத்தில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரும் அதற்கேற்ற கார்டும் வைத்திருந்த ஓர் இளைஞனுக்கு, மறுபேச்சின்றி 7800 எக்ஸ்3டியைத்தான் பொருத்திக் கொடுத்தேன்.

அப்போதும் நான் பில் எழுதவில்லை. அறையைப் பார்க்க வேண்டும் என்றேன். இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், அச்சகத்துக்கு வடிவமைப்பு வேலை செய்து வந்த ஒருவருக்கு, அக்காலத்து அட்டவணையில் முதலிடத்தில் இருந்த புராசஸரைப் போட்டு, மிகச் சிறிய கூலரோடு அனுப்பிவிட்டேன். அவர் வேலை செய்த இடம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த மொட்டைமாடி அறை. கத்திரி வெயிலில் அந்த இயந்திரம் உஷ்ணம் தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது; பகல் முழுவதும் அது ஊர்ந்துகொண்டிருக்க, அம்மனிதர் பொழுது சாய்ந்த பிறகே வேலைக்கு உட்கார்ந்திருக்கிறார். மூன்று மாதம் கழித்துத் தற்செயலாக வீதியில் பார்த்தபோதுதான் சொன்னார். அப்போதும் அவர் என்னைக் குறை கூறவில்லை. புராசஸரில் பழுது ஏதுமில்லை. அறையைப் பாராமல் கொட்டேஷன் எழுதியது என் குற்றம். பெரிய கூலரை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். கடந்துபோன மூன்று மாதத்தை எப்படி மாற்றிக் கொடுப்பது?

முத்தியால்பேட்டை வீட்டிலும் மொட்டைமாடி அறைதான், மேற்குப் பார்த்த ஜன்னல், ஏ.சி. இல்லை. இந்த விஷயத்தில் ஏ.எம்.டி.யே உயர்ந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னேன். விளையாடும்போது அது பெரும்பாலும் 100 வாட்டுக்குள் அடங்கிவிடும். 14700 கேயோ முழுமூச்சாக வேலை செய்கையில் 253 வாட் வரை இழுக்கும் உரிமை பெற்றது. 100 டிகிரியைத் தொட்ட பிறகே தன்னை அடக்கிக்கொள்ளும். “எது உழைக்கும்” என்ற பாட்டனாரின் கேள்விக்கும் முழு உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்களில் சில, மிஞ்சிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலைவதை அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அன்றியும் 14700 கே அமரும் குழி அதோடு முடிந்தது, ஏ.எம்.டி.யின் குழிக்கு 2027 வரையிலாவது புதிய புராசஸர்கள் வரும் என்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, “இருந்தாலும் ஐயா, பாப்பாவோட வேலைக்கு இன்டெல்தான் சரி. சூட்டை நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

பாட்டனாருக்கென்று பார்த்தால் இவ்விரண்டுமே அதிகம். பிரெஞ்சு எழுத்து வரிசையுள்ள பழைய கீபோர்டு ஒன்றை அவர் பத்திரமாக வைத்திருந்தார். மாதத்துக்கு ஓரிரு கடிதம் அதில் அடிப்பார். கடிதமும், எக்செலும், டாலிக் கணக்கும், பத்துப் பதினைந்து இணையப் பக்கங்களும் என்றிருக்கும் அன்றாட உபயோகத்துக்கு, இன்று சந்தையில் உள்ள சாதாரண 6 கோர் புராசஸரும், 16 ஜி.பி. ரேமும், நல்ல எஸ்.எஸ்.டி.யும் தாராளமாகப் போதும். கணக்கர்கள் சிலர் பெரிய புராசஸர் கேட்டு வருவார்கள். அந்தப் பணத்தில் பாதியை நல்ல நாற்காலிக்கும் மானிட்டருக்கும் செலவழியுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். இதனால் என் வியாபாரம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் புதிய பயாஸை ஏற்றி, பிறகே மற்றவற்றைத் தொட்டேன். 253 வாட் என்றிருந்த எல்லையை 125க்கு இறக்கினேன்; எக்ஸ்போர்ட் முடிய முன்னைவிடச் சற்று நேரம் பிடிக்கிறது என்பது மெய்யே; இழுக்கும் வாட்டோ பாதியாகிவிடுகிறது. இரட்டைக் கோபுரக் கூலர், முகப்பில் மூன்று விசிறிகள், தூசி வடிகட்டும் வலை, பழைய 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குப் பதிலாக 1 கே.வி.ஏ. உள்ளது. மேஜையை ஜன்னலோரத்திலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னேன். தம்பி ஒருவனாகவே இழுத்துப் போட்டான்.

பிற்பகல் மூன்று மணிக்கு, வெயில் சுவரில் ஏறியிருந்த வேளையில், அந்தப் பெண் ஒரு கலியாணத்தை எக்ஸ்போர்ட்டில் போட்டாள். உஷ்ணமானி 60இலிருந்து ஏறி, 70ஐத் தாண்டி, எழுபத்தெட்டில் நின்றது. விசிறியின் சுருதி மாறவில்லை. பாட்டனார் குனிந்து கேபினெட்டின் பின்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நான் ஒரு ஸ்டிக்கரை எடுத்து, அடுத்து வலையைக் கழற்றித் தூசி தட்டவேண்டிய தேதியை எழுதி, கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டினேன். கடலுக்கு இவ்வளவு அருகில் மூன்று மாதத்துக்கு மேல் விடலாகாது.