அறுந்தும் அறாத ஒயர்

விருத்தாசலம் போகும் சாலையில், திட்டக்குடி ஊர் எல்லை தாண்டுமுன் வேப்பமர நிழலில் ஒரு பட்டறை. எதிரே பத்துச் சக்கர லாரி. கரூர்ப் பக்கத்திலிருந்து பெல்ட்ஸ்பார் மாவு ஏற்றி வந்திருக்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரர்கள் காலையிலிருந்து போன் போட்டபடி இருக்கிறார்கள்.

"மிதிச்சா ஏறல தம்பி. ஐடில்லயே நிக்குது. சாவிய ஆஃப் பண்ணிப் போட்டா நல்லா இழுக்குது. அரைமணி நேரம் ஓடும், இல்லாட்டி அம்பது கிலோமீட்டர் ஓடும். அப்புறம் மறுபடியும் அதே கதை."

"எங்க வச்சுண்ணே கடைசியா?"

"தொழுதூர்ல திரும்பி வர்றேன். பஸ்ஸ ஓவர்டேக் எடுத்துட்டேன். பாதியில மிதி செத்துப்போச்சு. எதிர்ல டேங்கர்."

அதற்கு மேல் டிரைவர் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டறை எலக்ட்ரீசியனும் துருவவில்லை. டிரைவரைவிடப் பத்து வயதாவது இளையவர். கருவி எதையும் இன்னும் கையில் எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏத்தத்திலயா, பள்ளத்துல இறங்கும்போதா? மழையிலயா? பிரேக்குல கால் வச்ச பிறகா? சமீபத்துல என்ன வேலை பார்த்தீங்க?

"பெடலே புதுசு. முந்தாநாள்தான் வேற ஊர்ல மாத்துனாங்க. ஸ்கேனர்ல பெடல்னு காட்டுச்சாம்."

"அதுக்கு முன்னாடி?"

"போன மாசம் கிளட்ச் வேலை. கேபினத் தூக்கினாங்க."

எலக்ட்ரீசியன் தலையை ஆட்டிக்கொண்டார்.

மைக்கோ டீசல் பம்ப் வைத்த பழைய லாரிகளில் மிதிக்கும் பம்ப்புக்கும் இடையே கம்பியும் கேபிளும் இருந்தன. ஸ்பிரிங் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் டிரைவரின் கால் எந்தக் கம்பியையும் இழுப்பதில்லை. மிதிக்குள் இருக்கும் இரண்டு சென்சார்கள், எவ்வளவு மிதிபட்டது என்பதை வோல்ட்டாக எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவுக்குச் சொல்கின்றன. இந்த வண்டியில் மிதிக்காதபோது ஒன்று 0.75 வோல்ட், மற்றது அதில் சரிபாதி. மிதிக்க மிதிக்க இரண்டும் அதே விகிதத்தில் ஏற வேண்டும். கணக்கு பிசகினால் ஈசியூ இரண்டையும் நம்பாது, எஞ்சினை ஐடிலில் இறக்கிவிடும். ஒயர் கோளாறால் லாரி தானாக வேகமெடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பஸ்ஸுக்குப் பக்கத்தில், எதிர்த் தடத்தில் இருப்பவனுக்கு அந்தப் பாதுகாப்பே எமனாகிவிடுகிறது.

ஸ்கேனரில் இரண்டு எண்கள் வந்தன: 91, பக்கத்தில் 4. முன்னது ஆக்ஸிலேட்டர் மிதியைக் குறிக்கும். பின்னது, வோல்ட் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போயிற்று என்று சொல்லும். ஏன் போயிற்று என்று எந்த ஸ்கேனரும் சொல்லாது. முந்தாநாள் பார்த்தவர் முதல் எண்ணைப் படித்துப் பெடலை மாற்றிவிட்டார். பல ஆயிரம் ரூபாய் அப்படிப் போயிருக்கிறது.

இவர் பட்டறைப் பையனைப் பின்னால் அனுப்பி, பிரேக் லைட் தானாக எரிகிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார். பிரேக் சுவிட்ச் கெட்டுப்போனாலும் பல வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் அடங்கிவிடும். எரியவில்லை. பிறகு மிதியை நூல் நூலாக அழுத்தினார். திரையில் இரண்டு அளவுகளும் ஒன்றையொன்று விடாமல் ஏறின, அப்படியே இறங்கின. பெடலில் குற்றமில்லை. கப்ளரைக் கழற்றிப் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பையன் ஊசியால் ஒயரைக் குத்தி வோல்ட் பார்க்கப் போனபோது மட்டும் குரல் உயர்ந்தது.

"குத்தாதடா! அந்த ஓட்டையில தண்ணி இறங்கும். ஆறு மாசத்துல செம்பு தின்னுரும்."

வெயில் ஏறிவிட்டது. டிரைவர் இரண்டாம் டீயும் குடித்தாயிற்று. வண்டியோ ஒரு குறையும் இல்லாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது. விட்டுவிட்டு வரும் கோளாறில் இந்த நேரம்தான் கொடியது. வண்டி நன்றாக ஓடும்போது எதைத் தேடுவது? கை சும்மா இருக்க முடியாமல் ஏதாவதொரு பாகத்தை மாற்றத் துடிப்பதும் இப்போதுதான். இவர் எதையும் மாற்றவில்லை. ஸ்கேனரைப் பையன் கையில் கொடுத்து, மிதியைப் பாதியில் அழுத்திப் பிடிக்கும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டு, பெடலிலிருந்து கீழே போகும் ஒயர்க்கட்டைச் சாண் சாணாக ஆட்டிக்கொண்டே போனார். டேஷ்போர்டுக்குக் கீழே ஆட்டினார், ஒன்றுமில்லை. கேபின் தரையைத் துளைத்து இறங்கும் இடத்திலும் ஒன்றுமில்லை. கேபின் மடங்கும் கீல் பக்கம் கை போனது.

"போச்சுண்ணே! முதல் சென்சார் ஜீரோ!"

எஞ்சின் தொய்ந்தது. கையை எடுத்தார், திரையில் அளவு திரும்ப வந்தது. மறுபடி வளைத்தார், மறுபடி போனது. டிரைவர் இருக்கையிலிருந்து குதித்து இறங்கி வந்துவிட்டார்.

கேபினைத் தூக்கிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. கிளட்ச் வேலை முடிந்து கேபினை இறக்கியவர்கள், ஒயர்க்கட்டைப் பிடித்திருந்த கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கட்டு ஒரே இடத்தில் மடிந்திருக்கிறது. அந்த முதல் சென்சாருக்கு 5 வோல்ட் கொண்டுபோகும் ஒயரின் மேலுறை கீறல்கூட இல்லாமல் இருந்தது. அவர் இரு விரலால் மெல்ல இழுத்தார். அந்த ஓரிடம் மட்டும் ரப்பர் பேண்டாக நீண்டது. உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. முனைகள் ஒன்றோடொன்று உரசும்வரை மின்சாரம் போகும், மீட்டரும் பீப் அடிக்கும். பள்ளத்தில் விழுந்தால் விலகிவிடும்.

முறுக்கி டேப் சுற்றியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அவர் பழுதான பகுதியை வெட்டி எறிந்து, வேறு ஒயர்த் துண்டு சேர்த்து, ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டி இறுக்கினார். இணைப்புகள் மடியும் இடத்தில் வராதபடி இருபுறமும் தள்ளி வைத்தார். கேபின் ஏறி இறங்கத் தேவையான தொய்வு விட்டுப் புதுக் கிளிப் மாட்டினார். பிறகு லோடோடு பெண்ணாடம் பக்கம் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார்கள். நல்ல ரோட்டைத் தவிர்த்து, குண்டும் குழியுமான ஓரத்தில் சக்கரத்தை இறக்கிக் குலுக்கியே ஓட்டச் சொன்னார். அளவுகள் அசையவில்லை.

திரும்பி வந்ததும் லாரி ஓனர் போனில் வந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன பார்ட் மாத்துனீங்க?"

"பார்ட் ஒண்ணும் மாத்தலங்க. ஒயர் கட்."

"ஒரு ஒயருக்கு நாலு மணி நேரமா?"

எலக்ட்ரீசியன் பதில் சொல்லத் தெரியாமல் நின்றார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பொறுக்கவில்லை, ஆனாலும் வாய் திறக்கவில்லை. தேவையில்லாத பெடலுக்கு அச்சடித்த பில் கிடைத்தது, ஓனரும் மறுபேச்சின்றிப் பணம் அனுப்பினார். இந்த மனிதர் கேட்ட கேள்விகளுக்கும், எதையும் மாற்றாமல் காத்த பொறுமைக்கும் எந்த பில் புத்தகத்தில் இடமிருக்கிறது?

நோட்டைப் பிரித்து அவர் எழுதினார்: ஒயர் 2 அடி, ஸ்லீவ், கிளிப் 1. பேனாவை மூடப் போனார்.

டிரைவர் நோட்டின் மேல் கை வைத்தார். "கீழ எழுது தம்பி. கோளாறு கண்டுபிடிச்சதுக்கு, நாலு மணி நேரம். எழுது, நான் ஓனர்கிட்ட பேசிக்கிறேன்."