ஊக்கைக் கீழே வைங்கப்பா!

மகளின் ஆன்லைன் இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. அப்பா ரூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டார். அடுத்து, ரீசெட் துளையில் குத்த ஊக்கு தேடினார். குத்தியிருந்தால் நெட் கனெக்‌ஷன்காரர் போட்டுக்கொடுத்த செட்டிங்ஸ் அழிந்து, வீடு மொத்தத்துக்கும் நெட் போயிருக்கும்.

“என் போன்ல சீரியல் ஓடுதே?” என்றார் அம்மா.

மகள் அந்த போனின் மொபைல் டேட்டாவை அணைத்துப் பார்த்தாள். அப்போதும் ஓடியது. ஆக, ரூட்டர் பாவம், நன்றாகத்தான் இருந்தது.

முந்தின இரவு வந்த விண்டோஸ் அப்டேட், லேப்டாப்பின் வைஃபை டிரைவரை மாற்றியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்தாள். ரீஸ்டார்ட் ஆனதும் நெட் வந்தது. அந்த பட்டன் மங்கலாக இருந்திருந்தால், பழைய டிரைவர் கைவசம் இல்லை என்று அர்த்தம். அப்போதும் அம்மாவின் போனை கேபிளில் மாட்டி, யுஎஸ்பி டெதரிங் போட்டு இன்டர்வியூவை முடித்திருக்கலாம்.