கேப்டனும் அவரே, பன்னிரண்டாவது ஆளும் அவரே

2023 ஜூன்ல ஓவல் மைதானத்துல டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல். அஸ்வினை வெளிய உக்கார வெச்சாங்க. அன்னிக்கு ஆபீஸ்ல, வாட்ஸப்புல, டீக்கடையில ஒரே சத்தம். அநியாயம், அக்கிரமம், சென்னைக்காரன்னா இளக்காரமா... அப்படி இப்படின்னு. எனக்கும் வயித்தெரிச்சல்தான், இல்லைங்கல. ஆனா சத்தம் போட்டவங்கள்ல பாதிப்பேருக்கு, இதே மாதிரி பெஞ்சுல உக்காந்தே பாதி ஆட்டக்காலத்தை ஓட்டின இன்னொரு சென்னை ஆஃப் ஸ்பின்னரைத் தெரியவே இல்லை. அவரும் இன்ஜினியர். எஸ். வெங்கட்ராகவன். "யாரு, அந்த அம்பயரா?"ன்னு ஒரு தம்பி கேட்டான். அதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

வெங்கட் 1945ல மெட்ராஸ்ல பிறந்தவர். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். 1965 பிப்ரவரியில நியூசிலாந்துக்கு எதிரா மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல முதல் டெஸ்ட். அப்போ இருபது வயசு கூட நிரம்பலை. அந்தத் தொடர்லயே டெல்லி டெஸ்ட்ல ஒரு இன்னிங்ஸ்ல 72 ரன்னுக்கு 8 விக்கெட், அடுத்த இன்னிங்ஸ்ல 4. நாலு டெஸ்ட்ல மொத்தம் 21 விக்கெட். இப்படி ஒரு ஆரம்பம் கிடைச்சா, அடுத்த பத்து வருஷத்துக்கு அந்த இடத்தைப் பட்டா போட்டுக் குடுத்துடுவாங்கன்னுதானே நினைப்போம்?

அங்கதான் விதி. அந்த நேரத்துல டெஸ்ட் ஆட்டத்துலேர்ந்து ஒதுங்கி, மைசூர்ல இன்ஜினியரிங் படிச்சு முடிச்சவர் இன்னொருத்தர் இருந்தார். எரப்பள்ளி பிரசன்னா. 1962ல டெஸ்ட் ஆடிட்டு, அடுத்த டெஸ்டுக்கு 1967ல தான் வந்தார். அவரும் ஆஃப் ஸ்பின். (அந்தக் காலத்துல ஆஃப் ஸ்பின் போட இன்ஜினியரிங் டிகிரி கட்டாயம் போல :-)) பேடியும் சந்திரசேகரும் வேற வேற ரகம், அவங்க இடத்துக்கு அவ்வளவா போட்டி இல்லை. ஆனா ஆஃப் ஸ்பின்னுக்கு இருந்தது பெரும்பாலும் ஒரே நாற்காலி. நாலு பேரும் சேர்ந்தாப்புல ஆடின டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு, 1967ல பர்மிங்காம்ல. "ஸ்பின் நால்வர்"னு பெருமையா பேசுறோமே, அது பெரும்பாலும் மூணு பேரும், தண்ணி கொண்டு வர்ற ஒருத்தரும்தான்.

ரெண்டு பேரும் ஒரே வேலை செஞ்சாலும் தினுசு வேற. பிரசன்னா பந்தைக் கண்ணுக்கு மேல தூக்கிப் போடுவார். பேட்ஸ்மேன் "இதோ வருது"ன்னு காலைத் தூக்கி வெச்சப்புறம் பந்து வராது, கொஞ்சம் தள்ளி விழும். வெங்கட் உயரம். கை நேரா மேலேர்ந்து வரும். பந்தும் கொஞ்சம் வேகம், கொஞ்சம் தட்டை, விழுந்து எகிறும். ஒருத்தர் ஏமாத்துவார், இன்னொருத்தர் நெருக்குவார். இதுல எது உசத்தின்னு எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி. அப்பா வெங்கட் கட்சி, "நம்மூர்ப் பையன்". சித்தப்பா பிரசன்னா கட்சி. "ஊரைப் பாத்தா ஓட்டுப் போடறது? விரலைப் பாருய்யா"ம்பார். எங்க வீட்டு சண்டை கேப்டன்கள்கிட்டயும் இருந்தது. பட்டோடிக்குப் பிரசன்னாவைப் பிடிக்கும், வடேகருக்கு வெங்கட்டைப் பிடிக்கும்.

அதனால வடேகர் காலம்தான் வெங்கட்டுக்கு நல்ல காலம். 1971ல வைஸ் கேப்டன். வெஸ்ட் இண்டீஸ்ல நாம முதல் தடவையா தொடர் ஜெயிச்சப்போ எல்லாரும் கவாஸ்கரோட 774 ரன்னைப் பத்தி பேசுவோம். சரிதான், பேசவேண்டியதுதான். ஆனா அந்தத் தொடர்ல இந்தியா பக்கம் அதிக விக்கெட் எடுத்தது வெங்கட், 22. போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல நாம ஜெயிச்ச டெஸ்ட்ல ரெண்டாவது இன்னிங்ஸ்ல 5. அப்படியே இங்கிலாந்து. அங்க பிரசன்னாவுக்கு ஒரு டெஸ்ட் கூட இல்லை. (சித்தப்பா இதைச் சாகற வரைக்கும் மன்னிக்கலை.) ஓவல்ல சந்திரசேகர் 38க்கு 6. அதே இன்னிங்ஸ்ல சோல்கர் முன்னால பாய்ஞ்சு தரையோட தரையா நாட்டைப் பிடிச்சாரே, அந்தக் கேட்ச் பார்த்திருப்பீங்க. அந்தப் பந்தைப் போட்டது யார்னு யாராவது கவனிச்சிருக்கோமா? வெங்கட்தான்.

இப்ப சொல்லப்போறதுதான் முக்கியமான கதை. 1974 டிசம்பர், வெஸ்ட் இண்டீஸ் இங்க வந்திருக்காங்க. டெல்லி டெஸ்டுக்கு கேப்டன் பட்டோடிக்குக் காயம். கவாஸ்கருக்கும் காயம். கேப்டன் பதவி வெங்கட்கிட்ட வந்துச்சு. விவியன் ரிச்சர்ட்ஸ்னு ஒரு புதுப் பையன் 192 அடிச்சுட்டு அவுட்டே ஆகாம நின்னான். இன்னிங்ஸ் தோல்வி. அடுத்த டெஸ்ட் கல்கத்தா. பட்டோடி திரும்பிட்டார். வெங்கட்? பன்னிரண்டாவது ஆள். போன டெஸ்ட்ல டாஸ் போடப் போனவர், இந்த டெஸ்ட்ல கூல்டிரிங்ஸ் தூக்கிட்டுப் போறார். கல்கத்தாவுல இந்தியா ஜெயிச்சது. அடுத்து மெட்ராஸ்ல பொங்கல் டெஸ்ட், அதுவும் ஜெயிச்சது, அதுல பிரசன்னாவுக்கு 9 விக்கெட். அதுவும் சேப்பாக்கத்துல, வெங்கட்டோட சொந்த ஊர்ல! அணித்தேர்வு தப்புன்னு கூட சொல்ல முடியாது. அதுதான் இதுல இருக்கற பெரிய வலின்னு நான் நினைக்கறேன். அநியாயம்னா கத்தித் தீர்த்துடலாம். அடுத்தவன் நல்லா வேலை செஞ்சுட்டான்னா என்ன பண்றது?

எங்க சித்தப்பா ஒரு பேங்க்ல வேலை பார்த்தார். மேனேஜர் மாத்தலாகிப் போனப்புறம் ஏழு மாசம் அவர்தான் ஆக்டிங் மேனேஜர். கண்ணாடி ரூம், தனி ஃபேன், வர்ற கஸ்டமர் எல்லாம் எழுந்து வணக்கம். எட்டாவது மாசம் வெளியூர்லேர்ந்து அவரை விட பத்து வயசு சின்ன ஒருத்தர் வந்து சேர்ந்தார். சித்தப்பா தன் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு பழைய கவுன்டருக்கே வந்து உக்காந்தார். புது ஆள் நல்லவர், கெட்டிக்காரர், சித்தப்பாவே ஒத்துக்கிட்டார். ஒரு நாள் கூட லீவு போடலை. ஆனா சித்தி சொன்னாங்க, அந்த ஒரு மாசம் அவர் சாப்பிடும்போது பேசவே இல்லையாம். அதுக்கப்புறம் வீட்டுல பிரசன்னாவா வெங்கட்டான்னு பேச்சு வந்தா மட்டும் சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போயிடுவார். ஒரே ஒரு தடவை அப்பாகிட்ட, "அந்த ஆளு கல்கத்தாவுல எப்படிண்ணா ட்ரேயைத் தூக்கிட்டுப் போனான்?"னு கேட்டார். அப்பா பதில் சொல்லலை.

சரி, விட்ட இடத்துக்கு வருவோம். தண்ணி தூக்கினவரையே ஆறே மாசத்துல 1975 உலகக்கோப்பைக்கு கேப்டனாக்கினாங்க! முதல் மேட்ச்சுலயே கவாஸ்கர் 60 ஓவரும் நின்னு 36 ரன் எடுத்த அந்தக் கூத்து. 1979லயும் வெங்கட்தான் கேப்டன். அப்போ டெஸ்ட் அந்தஸ்தே இல்லாத இலங்கைகிட்டயும் சேர்த்து மூணு மேட்ச்சும் தோல்வி. அதே 1979ல ஓவல் டெஸ்ட், இலக்கு 438. கவாஸ்கர் 221 அடிச்சு, 8 விக்கெட்டுக்கு 429ல நின்னுபோச்சு. விஸ்வநாத்தைப் பின்னால தள்ளி கபிலை முன்னால அனுப்பினது வெங்கட்டோட தப்புக் கணக்குன்னு எனக்கும் ஒரு எண்ணம் உண்டு. கேப்டன்சியில அவர் பெரிய மந்திரவாதி இல்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனா அதுக்காக, ஊர் திரும்பற விமானத்துல பைலட் மைக்குல "புது கேப்டன் கவாஸ்கர்"னு அறிவிச்சு அதைக் கேட்டா தெரிஞ்சுக்கணும்? ஒரு ஆபீஸ் பியூனுக்குக் கூட கையில மெமோ கொடுப்பாங்கய்யா.

மனுஷன் பையைக் கட்டிட்டு கிளம்பிடலை. கவாஸ்கருக்குக் கீழ ஆடினார். 1983ல, 38 வயசை நெருங்கும்போது, மறுபடி வெஸ்ட் இண்டீஸ் டூர். கேப்டன் கபில்தேவுக்கு 24. அதே டூர்லதான் எல். சிவராமகிருஷ்ணன் 17 வயசுல முதல் டெஸ்ட் ஆடினார். வெங்கட் டெஸ்ட் ஆட ஆரம்பிச்சப்போ சிவா பிறக்கவே இல்லை. அதே வருஷம் கபில் கையில உலகக்கோப்பை. முதல் ரெண்டு உலகக்கோப்பைக்கும் கேப்டனா இருந்தவர் அந்த டீம்ல இல்லை. செப்டம்பர்ல ஜலந்தர்ல பாகிஸ்தானோட கடைசி டெஸ்ட். 57 டெஸ்ட், 156 விக்கெட், சராசரி 36. பிரசன்னா 49 டெஸ்ட்ல 189, சராசரி 30. சித்தப்பா கட்சி ஜெயிச்சதுன்னு எழுதிக்கோங்க.

ஆனா முதல்தரக் கிரிக்கெட்டையும் பாருங்க. 1390 விக்கெட். அதுல ரஞ்சியில மட்டும் 530. இவ்வளவு எடுத்தும் ரஞ்சிக் கோப்பை ஒரு தடவை கூடக் கைக்கு வரலை. தமிழ்நாடு (அப்போ மெட்ராஸ்) ஜெயிச்சது 1955ல, அப்புறம் 1988ல. இவர் ஆடினது சரியா நடுவுல. 1973 ஃபைனல் சேப்பாக்கத்துலயே நடந்தது, பம்பாய் கூட. குழி விழுந்த பிட்ச், நமக்குத்தான் சாதகம்னு எல்லாரும் நினைச்சாங்க. பத்மாகர் சிவால்கர் 16 ரன்னுக்கு 8, அடுத்ததுல 18க்கு 5. தமிழ்நாடு 80, 61. அந்தச் சிவால்கர் ஒரு டெஸ்ட் கூட ஆடாமலே 2025ல போய்ச் சேர்ந்தார். அதைப் பார்த்தா வெங்கட் கொடுத்து வெச்சவர்னு கூட சொல்லலாம்.

நான் வெங்கட்டைப் பார்த்தது டிவியில, வெள்ளைக் கோட்டுல. 1993லேர்ந்து 2004 வரைக்கும் 73 டெஸ்டுக்கு அம்பயர். ஆடினதை விட நின்னது அதிகம். 1999 உலகக்கோப்பையில ஆஸ்திரேலியா - தென்னாப்பிரிக்கா அரையிறுதி டை ஆச்சே, குளூஸ்னர் ஓட, டொனால்ட் மட்டையைக் கீழ போட்டுட்டு முழிக்க... அன்னிக்கு ஷெப்பர்டோட நின்ன இன்னொரு அம்பயர் இவர்தான். கத்துற பவுலர்களைக் கடுகடுன்னு ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான், கத்தல் அடங்கிடும். பக்கத்துல சித்தப்பா உக்காந்து பார்ப்பார். கேமரா பெவிலியன் பக்கம் திரும்பி, பன்னிரண்டாவது ஆள் டிரிங்க்ஸ் தூக்கிட்டு வரும்போதெல்லாம் வெங்கட் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிக்கறாரான்னு உத்துப் பார்ப்பார். ஏன்னு நான் கேட்டதில்லை.