எங்கள் வீட்டுச் சண்டியன்

களுவாஞ்சிக்குடியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்க, நடுவே எங்கள் வளவு. அம்மா, நான், என் மகள், பேத்தி என்று நான்கு பெண்கள் வாழும் வீடு. மருமகன் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் ஆண் என்று சொல்ல ஒரு கடுவன் பூனைதான் உண்டு. அதன் பெயர் சண்டியன்.

2011 தை மாதம் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பெருவெள்ளம் மூடியபோது, நனைந்து நடுங்கும் குட்டியாக எங்கள் திண்ணையில் ஏறியது. துரத்தியும் போகவில்லை. வளர்ந்த பிறகு தெருநாய்களைக் கடப்பு வரை விரட்டியது. கோழிக்கூட்டுக்கு வந்த சாரைப் பாம்பை மறித்து நின்றது. மீன் வியாபாரியின் சைக்கிள் மணி கேட்டால் முதல் ஆளாய்ப் பெட்டிக்குக் கீழே நிற்கும். களவெடுக்காது, தன் பங்கை வாங்காமல் நகரவும் மாட்டாது. "கப்பம் கேக்கிற மாதிரி நிக்குதம்மா" என்று மகள் சிரிப்பாள்.

இன்று அதற்கு 14 வயது கடந்துவிட்டது. பூனையின் முதல் 2 ஆண்டுகள் மனிதரின் 24 வயதுக்குச் சமம் என்றும், அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 4 வயது என்றும் கணக்குச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 72. எங்கள் அம்மாவுக்குச் சற்று இளையது! இருவரும் இரவில் தூங்குவதில்லை. அது கத்தும், அம்மா எழுந்திருந்து அதனோடு கதைத்துக்கொண்டிருப்பார்.

கடந்த ஆண்டு சண்டியன் மெலிந்தது. ஓயாமல் தண்ணீர் குடித்தது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது, வயதான பூனைகளுக்கு இது அடிக்கடி வரும் என்றார். எப்போதும் நல்ல தண்ணீர் வைக்க வேண்டும். உப்பில்லாமல் அவித்த மீனை முள் நீக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். நகம் தடித்து வளைந்து பாதத்தில் குத்தாமல் வெட்டிவிட வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். நாம் காய்ச்சலுக்குப் போடும் பரசிற்றமோல் குளிசையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு குளிசையே உயிரைக் குடித்துவிடும்.

சகோதரிகளே, பிள்ளைகள் உள்ள வீட்டில் இதையும் மறக்க வேண்டாம். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நோய் நாயால் மட்டும் வருவதல்ல.

"மனிசருக்கே செலவுக்குக் காணாது. கிழட்டுப் பூனைக்கு வைத்தியமா?" என்று அயலில் கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. ஆனால் 1990 இல் வெளியே போன என் கணவர் திரும்பி வரவில்லை. அதே ஆண்டு என் அண்ணனும் போனவர்தான். அவர்களுக்கு ஒரு கல்லறை கூட இல்லை. என் கணவருக்குத் தலை நரைத்தால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. பல்லுப்போன வாய்க்குச் சோறு குழைத்துக் கொடுக்கவும், கால் பிடித்துவிடவும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் கிழடாகும் வரை இருந்த முதல் ஆண் இந்தச் சண்டியன்தான். இதைச் சொன்னால் மகள் சிரிக்கிறாள்; பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

சைப்பிரஸ் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முந்திய புதைகுழி ஒன்றில், மனிதருக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004 இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கூட வாழ்ந்த உயிரைக் கவனமாக மண்ணுக்குள் வைப்பது எத்தனை பழைய வழக்கம்!

சண்டியனுக்கும் நாள் வரும். முருங்கை மரத்தடியில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். அது எங்கே போனது, என்ன ஆனது என்று யாரிடமும் கேட்டு அலைய வேண்டி வராது. நாங்கள் நான்கு பேரும் பக்கத்தில் இருப்போம். அதுவரை காலையும் மாலையும் முள் எடுத்த மீன் அதற்கு உண்டு.